கடல் பக்கம் அடித்தால் அவுட்

எங்கள் குப்பத்துக் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ கிடையாது. வைடு கிடையாது. நோபால் என்று வாயைத் திறந்தால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். இருப்பது ஒரே சட்டம். கடல் பக்கம் அடித்தால் அவுட், அடித்த ஆளே போய்ப் பந்தை எடுத்து வர வேண்டும்.

குப்பம் என்றால் கடலூர் முதுநகரைத் தாண்டித் தெற்கே. மீன் ஏலக் கொட்டகைச் சுவரில் கரியால் கிழித்த மூன்று கோடுதான் ஸ்டம்ப். சுவருக்கு முதுகைக் காட்டி வடக்கே பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் முழுக்கக் கடல், இடது கைப் பக்கம் படகுகளும் வீடுகளும். டிவியில் ஆஃப் சைடு, லெக் சைடு என்பார்கள். வலது கை ஆட்டக்காரியான எனக்கு அது கடல் பக்கம், ஊர்ப் பக்கம். டென்னிஸ் பந்து தண்ணீரில் மிதக்கும், ஆனால் நமக்காகக் காத்திருக்காது. நீரோட்டம் இழுத்துக்கொண்டு போவதற்குள் பிடித்தாக வேண்டும். அதனால் பந்து கடல் பக்கம் கிளம்பிய உடனே மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடுவோம். நின்று வழக்குப் பேச நேரம் கிடையாது. எட்டு வயதில் அப்படி ஓடத் தொடங்கியவள் நான். பொட்டப்பிள்ளை ஆடக் கூடாது என்று எங்கள் கரையில் யாரும் சொன்னதில்லை. பெரிய மனசு என்று நினைக்காதீர்கள், ஆள் பத்தவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் பத்து ஓவர் டென்னிஸ் பந்து லீக் ஒன்று புதிதாகக் கிளம்பியது. ஊருக்கு ஒரு அணி, அணிக்கு ஒரு முதலாளி. பெண்களுக்கும் தனியாக உண்டு என்றார்கள். எங்கள் ஊர்ப் பெயரிலும் ஓர் அணி வந்தது. சட்டையில் ஒரு சுறா பல்லைக் காட்டிச் சிரிக்கும். சுறா சிரித்து எங்கள் ஊரில் யாரும் பார்த்ததில்லை, புட்டாகத்தான் பார்த்திருக்கிறோம். முதலாளியும் வெளியூர், கோச்சும் வெளியூர், பதினைந்து பேரில் பதினான்கு பேர் ஏற்கெனவே வெளியூரில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் ஒரே ஓர் இடம். அதற்கு மட்டும் உள்ளூர்ப் பெண்களுக்குச் சிதம்பரத்தில் தேர்வு வைத்திருந்தார்கள்.

போனில் அதைப் படித்தபோது எனக்கு ஆசை வரவில்லை, கோபம்தான் வந்தது. எங்கள் ஊர்ப் பெயரை நெஞ்சில் எழுதிக்கொண்டு ஆடப் போகிற அணியில் எங்களுக்கு ஓர் ஓரத்து நாற்காலி. அந்த நாற்காலியில் நான்தான் உட்காருவேன் என்று முடிவு செய்தேன். நான் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பில் இருக்கிறேன். பல்வலி என்று மட்டும் பொய் சொல்லி லீவு போட முடியாத வேலை. அதனால் உண்மையைச் சொன்னேன். டாக்டரம்மா சிரித்துவிட்டு அனுப்பினார்.

அக்கா வீட்டுக்காரர் பைக்கில் அழைத்துப் போனார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். படகுக்குப் போகிறவர், கரையில் எனக்குப் பந்து போடுகிறவர், வாய் கொஞ்சம் ஜாஸ்தி. நான் தேர்வாகிவிட்டேன் என்று முந்தின நாளே குப்பம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மைதானம் ஊருக்கு வெளியே இருந்தது. ஒரு பக்கம் ரோடு. மறுபக்கம் எல்லைக் கயிற்றை ஒட்டியே ஒரு வாய்க்கால், நிறையத் தண்ணீரோடு. ஸ்ரீமுஷ்ணம், காட்டுமன்னார்கோயில், அண்ணாகிராமம் என்று எங்கிருந்தெல்லாமோ முப்பது பெண்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கு ஆறு பந்து, நடுவில் அவுட்டானால் அதோடு சரி. மற்றவர்கள் ஃபீல்டிங் நிற்க வேண்டும்.

என் முறை வந்தது. முதல் நான்கு பந்தையும் ஊர்ப் பக்கம் இழுத்து அடித்தேன். இரண்டு கயிற்றைத் தாண்டி ரோட்டுக்கே போயின. மாமா விசிலடித்தார். ஐந்தாவது பந்து வலது பக்கம் தள்ளி வந்தது. கை தானாகப் போய்ச் சரியாக மாட்டியது. பந்து வலது பக்கமாகக் கிளம்பியது. நான் மட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடினேன்.

ரன் எடுக்க இல்லை. பந்தை எடுக்க.

அந்தப் பக்கம் ஃபீல்டிங் நின்ற பெண், பேட்டிங் செய்தவளே தன்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்து மிரண்டுபோய், பந்தை எடுத்துக் கீப்பரிடம் எறிந்துவிட்டாள். கீப்பர் நிதானமாக ஸ்டம்பைத் தட்டினாள். நான் பாதி மைதானத்தில் வெறுங்கையோடு நின்றேன். முப்பது பேரும் சிரித்தார்கள். ஸ்கோர் எழுதியவர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாம்மா பண்ற?" என்றார் கோச்.

"கடல் பக்கம் போயிடுச்சி சார்" என்றேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு நான் செய்தது தப்பாகவே தெரியவில்லை.

அவமானமாக இருந்தது, மறைக்க விரும்பவில்லை. கிளம்பிவிடலாம் என்று மாமா பைக் சாவியை எடுத்தார். நான் போகவில்லை. மீதி ஆட்களுக்கு ஃபீல்டிங் நிற்க வேண்டுமே, நின்றேன். பந்து மட்டையில் பட்டதும் நான் கிளம்பிவிடுவேன். மற்றவர்கள் எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள் பந்து என் கையில் இருக்கும். இரண்டு கேட்ச் பிடித்தேன், கயிற்றுக்குப் போன நான்கைத் தடுத்தேன். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

எல்லாம் முடிந்ததும் கோச் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் அணிச் சட்டை போட்ட கேமராக்காரர் ஒருவர்.

"ஃபீல்டிங் நல்லா இருக்கு. உனக்கே அந்த இடத்தைக் குடுத்துடலாம்னு பாக்குறேன். ஆனா பேட்டிங் கிடையாது. ஆஃப் சைடே உன்கிட்ட இல்ல. யாருக்காவது அடிபட்டா இறங்கி ஃபீல்டிங் பண்ணு, போதும்."

"விளம்பரத்துக்கும் தேவைப்படும்" என்றார் கேமராக்காரர். "மீன்கூடை ஒண்ணு கிடைக்குமா? இடுப்புல கூடை, கையில பேட். அப்புறம் அந்த ஓட்டத்தை இன்னொரு தடவை ஓடிக் காட்டணும். செம காமெடி."

எனக்குக் காது சூடேறியது. என் அம்மா முப்பது வருடமாக மீன்கூடை சுமக்கிறாள். ஒரு நாளும் விளம்பரத்துக்குச் சுமந்ததில்லை. அவள் தலையில் சுமப்பாள், இடுப்பில் இல்லை. அதுகூட இவருக்குத் தெரியவில்லை.

"கூடைக்கு வேற ஆளைப் பாருங்க" என்றேன். "நான் ஆட வந்தன்."

மாமா என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "தோ பாரு, சட்டை குடுக்குறாங்க. சரின்னு சொல்லிட்டுப் போவியா. நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துட்டன்."

"நீங்க ஏன் சொன்னீங்க?"

"ஏன்னா நீ நல்லா ஆடுவ."

"அப்ப ஆட உடுங்க மாமா."

அவர் கையை எடுத்துவிட்டார். நான் திரும்பிப் போய்க் கோச்சிடம் கேட்டேன். "ஆஃப் சைடு இல்லன்னு சொன்னீங்க. அந்தப் பக்கமே போடச் சொல்லுங்க சார். அடிக்கலன்னா சட்டையும் வேணாம், இடமும் வேணாம். வேற யாருக்காவது குடுங்க."

சொன்ன பிறகுதான் கையிலிருந்ததைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்று உறைத்தது. கோச் வாட்சைப் பார்த்தார். "மூணு பால்" என்றார்.

பந்து போட வந்தவள் அணியில் ஏற்கெனவே இருந்த வெளியூர்ப் பெண், நல்ல வேகம். வீட்டுக்குக் கிளம்பிய பெண்கள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள். முதல் பந்தைச் சுத்தமாக விட்டேன். மட்டை போனது, மனசு போகவில்லை. இரண்டாவது பட்டது. தரையோடு வலது பக்கம் ஓடியது. என் கால் இரண்டு அடி அதன் பின்னால் போய்விட்டது. சட்டென்று நின்று திரும்பி கிரீஸ் கோட்டுக்குள் வந்தேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பதினெட்டு வருடமாக ஓடிய கால், அதற்கு ஒரே நாளில் புத்தி சொல்ல முடியுமா? எனக்கு என் காலின் மேலேயே ஆத்திரம் வந்தது.

மூன்றாவது பந்து இன்னும் தள்ளி வந்தது. எட்டி அடித்தேன். மட்டையின் நடுவில் பட்டால் கைக்கு எதுவும் தெரியாது. அப்படித்தான் தெரியாமல் போனது. பந்து உயரே ஏறி, கயிற்றைத் தாண்டி, வாய்க்கால் நடுவில் விழுந்தது. சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது.

தண்ணீரில் விழுந்த பந்து. என் இரண்டு காலும் துடித்தன. மட்டையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, கோட்டுக்குள் குத்தி வைத்துக்கொண்டு நின்றேன். பந்து மெல்ல மிதந்து போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் கரைக்குப் போன இரண்டு பெண்கள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தண்ணீரையே பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கேமராக்காரர் கேமராவைத் தூக்கித் தயாராக வைத்திருந்தார்.

"போயிடப் போவுது பந்து" என்றார் கோச். "உனக்குத்தான் நீச்சல் தெரியுமே. போய் எடுத்துட்டு வாம்மா."

"அடிச்சவ போய் எடுக்கறது எங்க கரையில சார்" என்றேன். "அங்க நான் அவுட்டு. இங்க இது ஆறு. வேற யாரையாவது அனுப்புங்க, நான் கோட்டை விட்டு வர மாட்டன்."

கோச் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு அவரே வாய்க்காலில் இறங்கினார். மாமா அடித்த விசில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் கேட்டிருக்கும். கோச் சொட்டச் சொட்ட நனைந்த பந்தோடு மேலே ஏறி வந்து, ஈரக் கையாலேயே பட்டியலை வாங்கி, பதினைந்தாவது வரியில் என் பெயரை எழுதினார். அதற்கு எதிரே பேட்டர் என்றும் எழுதச் சொன்னேன். எழுதி முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.