ஏலக்காரருக்கு வாங்கிய லேப்டாப்

சந்தையில் காய்கறி ஏலம் விட்ட மனிதர் அவர். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும் குரல். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை எடுத்த பிறகு, சொல்ல வேண்டியதையெல்லாம் நோட்டில் எழுதினார். அவர் மனைவிக்கோ எழுத்து வாசிக்கத் தெரியாது. மாடிவீட்டு டீச்சர் இறங்கி வந்துதான் படித்துச் சொல்ல வேண்டும். புருஷன் பெண்டாட்டி பேச்சுக்கு நடுவில் மூன்றாவது ஆள் எத்தனை நாள் உட்கார முடியும்? போகப்போக அவர் எழுதுவதையே குறைத்துக்கொண்டார்.

டைப் அடித்தால் கம்ப்யூட்டரே வாசித்துக் காட்டும் என்று சொன்னதும் டீச்சர்தான். முதலில் போனில் முயன்றார்கள். மருந்தால் மரத்துப்போன விரல்களுக்கு அந்தப் பொடி எழுத்துகள் பிடிபடவில்லை. புது லேப்டாப்பின் விலை கட்டுப்படியாகாமல், மனைவி பழசைச் சரிசெய்து விற்கும் கடைக்குப் போனாள்.

"பேசுமா தம்பி?"

"நல்லாப் பேசும்க்கா. ஆபீஸ்ல ஓடினது, சுத்தமா சர்வீஸ் பண்ணியிருக்கோம். பேட்டரிதான் நிக்காது. வயரைப் போட்டே வெச்சிருக்கணும். புது பேட்டரி போட்டா விலை ஏறிடும்."

"வயரோடவே இருக்கட்டும். அவரு எங்கே ஓடப் போறாரு?"

தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி வாங்கி வந்தாள். டீச்சர் சொல்லிக்கொடுத்துவிட்டு மாடியேறும்வரை காத்திருந்து, அவர் ஒற்றை விரலால் குத்தினார். ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண்குரல் வாசித்தது: "டீச்சர் ரொம்பப் பேசுறாங்க."

கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பதினொரு நாள் பேசினார். ஒரு சாயங்காலம் அதே குரல், "எனக்குப் பயமா இருக்கு" என்றது.

"எனக்கும்தான்" என்றாள்.

மறுநாள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போனாள். கட்டிலருகே இருந்த ஒரே ப்ளக்கில் ஆக்சிஜன் மெஷின் ஓடியது.

"அதைப் பிடுங்கக் கூடாதும்மா" என்றாள் நர்ஸ்.

அவர் ஒரு தாளில் கிறுக்கி அவள் கையில் திணித்தார். யாரையாவது படிக்கச் சொல்வதற்குள் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

அந்தத் தாளை இரண்டு வாரம் யாரிடமும் காட்டவில்லை. கடைசி வார்த்தை, அது தனக்கு மட்டும் என்று நினைத்தாள். தாங்க முடியாமல் ஒருநாள் மாடியேறினாள்.

டீச்சர் வாசித்துவிட்டுத் தயங்கினார். "'கால் சில்லுனு இருக்கு. போர்வையை இழுத்து விடு.' அவ்வளவுதான்க்கா."

ஆஸ்பத்திரியில் அன்று காலை முழுக்க அவள் புருஷனின் தலையைத்தான் தடவிக்கொண்டிருந்தாள்.

"போர்வை கைக்கு எட்டுற தூரந்தான் டீச்சர்" என்றாள்.