மலையடியில் ஒரு தலைநகர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு தலைநகரைக் காலி செய்தேன். பதறாதீர்கள்... வீடியோ கேமில்தான்.

நாடு பிடிக்கும் ஆட்டம். ஆன்லைனில் எட்டு பேர், ஆளுக்கொரு நாடு. நாலு மாதமாக ஓடுகிறது. முதல் நாளே மேப்பில் ஒரு மலையைப் பார்த்தேன். திருவண்ணாமலைக்காரன் வேறெங்கே ஊர் கட்டுவான்? பள்ளித் தோழன் கதிரையும் இழுத்தேன்.

"பக்கத்துலயே கட்டுடா. முதுகுக்கு மலை இருக்கு."

முதுகுக்கு மலை இருந்தால் தப்பி ஓட வழி இருக்காது — அது அப்போது தோன்றவில்லை.

கதிர் மூன்று முறை அரசுத் தேர்வில் தவறியவன். வீட்டில் யாரோடும் பேசுவதில்லை. கேமில் தன் நகரத்தை மட்டும் பார்த்துப் பார்த்துக் கட்டினான். தெருவுக்குத் தெரு பெயர்கூட வைத்திருந்தான்.

இப்போது இரண்டு பக்கமும் எதிரிப் படை. தெற்குச் சாலை மட்டும் மிச்சம்; அதன் முடிவில் எனக்கொரு துறைமுகம் உண்டு. தலைநகரை அங்கே மாற்ற ஐந்து நாள். என் படையும் கூடவே போய்விடும். கதிரின் நகரம் கதவில்லாத வீடாகிவிடும்.

இருந்தால் இருவரும் காலி. போனால் ஒருவனாவது பிழைப்பான். சரிதானே? ஒரு வாரம் யோசித்தேன். அவனிடம் மட்டும் கேட்கவில்லை — கேட்டால் தடுப்பான். ஞாயிறு விடிந்ததும் பட்டனை அழுத்திவிட்டு, வழக்கம்போல அவனோடு கிரிவலம் கிளம்பினேன்.

தலைநகர் மாறினால் கேம் எல்லோருக்கும் செய்தி அனுப்பும். அதை மறந்தே போனேன்!

பாதி வழியில், அடி அண்ணாமலை டீக்கடையில், அவன் போன் சிணுங்கியது.

"தலைநகர மாத்துறியா?"

"வேற வழி இல்லடா. அவங்க படை ஜாஸ்தி, நம்மளது கம்மி."

"அது எனக்குத் தெரியாதா? நானே போடான்னு சொல்லியிருப்பேன்." டீயைக் கீழே வைத்தான். "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கிரிவலத்தைப் பாதியில் விடக் கூடாது. மீதித் தூரமும் என்னோடுதான் நடந்தான். ஆனால் பத்தடி முன்னால்.

புதன்கிழமை அவன் நகரம் விழுந்தது. எப்படி இவ்வளவு சீக்கிரம்? மேப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே ஒரு வீரன்கூட இல்லை. கடைசிப் படை முழுவதையும், என் மக்கள் தெற்கே போகும் சாலைக்குக் காவலாக நிறுத்தியிருந்தான்.

தலைநகர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. கதிர் போனை எடுப்பதில்லை.

துறைமுகத்தில் நல்ல காற்று... பேசத்தான் ஆள் இல்லை.