சந்தனம்மாளின் முன் அனுபவம்

கோம்பை மலையடிவாரத்தில் வனத்துறை போட்ட மரக்கன்றுத் தோட்டத்துக்குப் பதினோரு வருடம் வாச்சராகக் காவல் இருந்தவர் ராக்கப்பன். பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அவர் அங்கே போனது மொத்தம் மூன்று நாள். மூன்றாம் நாள் தூரத்தில் ஒரு கரடியைப் பார்த்துவிட்டு, தடியைப் போட்டது போட்டபடி ஓடிவந்து போர்வைக்குள் புகுந்துகொண்டார்.

மறுநாள் போய் அந்தத் தடியை எடுத்தவள் அவர் மனைவி சந்தனம்மாள். பதிவேட்டில் தன் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டாள்.

"வாச்சர் வேலைக்குப் பொம்பள பேரெல்லாம் எழுத முடியாதுத்தா" என்றார் அப்போதிருந்த ரேஞ்சர்.

எவன் பேராவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். குடம் குடமாக ஓடைத் தண்ணீர் சுமந்து வேங்கையும் புங்கையும் வளர்த்தாள். ஆடு ஓட்டி வந்தவர்களை வாயாலேயே விரட்டினாள். கோடையில் தீ பரவாமலிருக்கப் புல் செதுக்கினாள். துணைக்கு, தோட்டத்திலேயே கிடந்து வளர்ந்த ஒரு கோம்பை நாய். ராக்கப்பன் டீக்கடையில் உட்கார்ந்து வனப் பாதுகாப்பு பற்றிப் பேசினார். நன்றாகவே பேசுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் வேலையை நிரந்தரமாக்கப் பேச்சு வந்தது. கையெழுத்துப் போடுமுன் தோட்டத்தைப் பார்க்க ஓர் அதிகாரி கிளார்க்குடன் வந்தார். புதுக் காக்கிச் சட்டையில் ராக்கப்பன் முன்னால் நடந்தார். வாயைத் திறந்தால் வீட்டுக்கு வரும் உத்தியோகம் போய்விடும் என்று சந்தனம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு, டீத் தூக்குவாளியுடன் பின்னால் நடந்தாள்.

வேலி வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ராக்கப்பனைப் பார்த்து உறுமியது. அதிகாரியை அது கண்டுகொள்ளவே இல்லை.

"ஏ சந்தனம், நாயப் பிடிடி!"

அவள் ஓர் அதட்டல் போட்டாள். நாய் அவள் காலடியில் சுருண்டது.

"பதினோரு வருசமா இங்கனதான இருக்கே? நாய்க்கே உன்னத் தெரியலையேப்பா" என்றார் அதிகாரி.

ராக்கப்பன் மனைவி முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உத்தியோகம் போனால் மயிரே போச்சு.

"இவுகள நாய்க்கும் தெரியாது, மரத்துக்கும் தெரியாதுய்யா. தண்ணி ஊத்துனது பூராம் நாந்தேன்."

அதிகாரி நல்ல மனிதர். ஆனாலும் பதிவேட்டைத் திருத்தினால் பழைய ரேஞ்சரில் தொடங்கி எத்தனையோ தலை உருளும். ஆகவே ராக்கப்பன் நிரந்தர வாச்சர் என்றும், சந்தனம்மாள் இன்று முதல் தினக்கூலி என்றும் முடிவு சொன்னார்.

கிளார்க் படிவத்தை எடுத்துப் பெயர், வயது கேட்டு எழுதினார். முன் அனுபவம் என்ற இடத்தில், கேட்காமலே, 'இல்லை' என்று போட்டார். மூன்றாம் வகுப்பு படித்த சந்தனம்மாள் அதை எழுத்துக்கூட்டி வாசித்தாள். கண் கலங்கியது. இவன்கள் முன்னால் கலங்கியதுதான் அவளுக்கு அதைவிட அவமானமாக இருந்தது.

முந்தானையால் துடைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பெரிய வேங்கையின் நிழலில் போய் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, உக்காந்துட்டே?" என்றார் அதிகாரி.

"நான் புதுசுய்யா. ஒண்ணும் தெரியாது. வாச்சரு பழக்கி விடட்டும்." பக்கத்தில் கிடந்த குடத்தைப் புருசன் பக்கம் உருட்டிவிட்டாள். "எங்க வாச்சரே, மொதல்ல ஒரு கொடம் தண்ணி கொண்டாங்க, பாத்துக்கிறேன்."

அதிகாரி பார்த்துக்கொண்டே நின்றதால் ராக்கப்பன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் போன பக்கம் ஓடையே கிடையாது. அவள் சொல்லவில்லை.