சமையலறைக்குள் வைத்த ஜெனரேட்டர்

கயிற்றை இழுத்தால் இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாம் தடவைதான் பிடித்துக்கொள்ளும் ஒரு சின்னச் சிவப்பு ஜெனரேட்டர் எங்களிடம் இருந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்சாரத்தை வெட்டிய காலம். நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. உத்தியோகத்தர் குவாட்டர்ஸில் அக்காவும் நானும் மட்டும் இருந்தோம். அக்காவுக்கு மூச்சிளைப்பு. மருந்தை ஆவியாக்கி மூக்குக்குள் விடும் கரண்டு மெஷின் இல்லாமல், பனி இறங்கும் பின்னேரங்களை அவளால் தாண்ட முடியாது. அதற்காகத்தான் அந்த ஜெனரேட்டரைப் பதுளையில் வாங்கி, பஸ்ஸில் ஒரு ஆளின் இடத்தில் உட்காரவைத்துக் கொண்டுவந்து சேர்த்தோம்.

அடுத்த வீட்டில் டீமேக்கர் ஐயா இருந்தார். இரவெல்லாம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைபடுவதைப் பார்த்துவிட்டு வருவார். ஊர் விழித்திருக்கும் நேரம்தான் அவர் தூங்கும் நேரம். மெஷினின் சத்தம் துளி மாறினாலும் வாசலில் நுழையும்போதே கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். அப்படிப்பட்ட காதுக்குப் பக்கத்தில், முன் விறாந்தையில் வைத்து நாங்கள் ஜெனரேட்டரை ஓட்டினோம். ஒரு வாரம் பொறுத்தவர், வேலியோரம் வந்து நின்றார்.

"டீச்சர், என்னால தூங்க முடியலைங்க. பின்னால தள்ளி வைங்களேன். தகரம் ரெண்டு நான் தாரேன், மேல போட்டுக்கிடலாம்."

நியாயமான பேச்சுதான். ஆனால் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. என் அக்கா மூச்சுக்குத் தவிக்கிறாள், இவருக்குத் தூக்கம் கேட்கிறதா? உங்கள் தகரம் எனக்கு வேண்டாம், சத்தமே கேட்காதபடி வைக்கிறேன் என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னேன். மறுநாள் ஜெனரேட்டரைச் சமையலறைக்குள் இழுத்துப்போய், விறகடுப்பின் மேல், புகைபோக்கிக்கு நேர் கீழே வைத்தேன். மலையில் பிறந்து வளர்ந்தவளின் புத்தி அது. வருடக்கணக்காக விறகுப் புகையை இழுத்த புகைபோக்கி இந்தத் துளிப் புகையை இழுக்காதா என்று நினைத்தேன். பனிக்குப் பயந்து கதவு ஜன்னல்களை அடைப்பதும் எங்கள் பழக்கம். அடைத்தேன்.

அன்று பின்னேரம் கரண்டு போயிற்று. கயிற்றை இழுத்துவிட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மருந்து ஆவியாக வந்தது, அவள் முகம் மட்டும் தெளியவில்லை. தலை வலிக்கிறது என்றாள். எனக்கும் வலித்தது. இளைப்பு கூடிவிட்டதென்று இன்னொரு முறை மருந்து ஊற்றினேன். தூக்கம் வருகிறதென்று அவள் சாய்ந்தபோது, பாவம் தூங்கட்டும் என்று போர்த்தியும் விட்டேன். தண்ணீர் குடிக்க எழுந்தேன். கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கதவு பத்தடியில்தான் இருந்தது, அதுவரை என்னால் போக முடியவில்லை.

கதவை உடைத்துக்கொண்டு வந்தவர் டீமேக்கர் ஐயா. படுத்துக் கிடந்தவருக்கு, சத்தம் எங்கள் வீட்டுக்குள்ளிருந்து வருவது பிடிபட்டிருக்கிறது. கட்டிய சாரத்தோடு ஓடிவந்திருந்தார். அக்காவை வாரித் தூக்கி முற்றத்தில் கிடத்தினார். என்னை இழுத்துப் போட்டார். திரும்ப உள்ளே போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். அக்காவின் கண் திறக்கும்வரை துண்டால் அவள் முகத்துக்கு விசிறினார்.

"அடுப்பு எரிஞ்சாத்தான் டீச்சர் புகை மேல ஏறும்," என்றார் பிறகு, இருமிக்கொண்டே. "குளுந்து கெடக்குற அடுப்புல வச்சா வீட்டுக்குள்ளதான் சுத்தும்."

அக்காவைப் பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், அந்த மனுசன் வம்புக்கு வந்ததால்தானே இப்படி ஆயிற்று என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பின்னால் வைக்கச் சொன்னதையும் தகரம் தருவதாகச் சொன்னதையும் ஒருவரிடமும் சொல்லவில்லை. வெட்கம், வேறென்ன? தோட்டத்தில் பேசுவது எவர் காதுக்கு எட்டாது? அவருக்கும் எட்டியிருக்கும். அவரும் வாய் திறக்கவில்லை. நாங்கள் வீடு திரும்பியபோது ஜெனரேட்டர் அவர் வீட்டுச் சுவரோரம், வெளியே, தகரத்துக்குக் கீழே இருந்தது. வேலிக்கு மேலாக எங்களுக்கு வயர் இழுத்திருந்தார். அது அவர் படுக்கும் அறையின் சுவர். மின்வெட்டுக் காலம் முடியும்வரை கயிற்றை அவர்தான் இழுத்தார். அக்கா அவரோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை. நம்மைச் சாகக் கிடத்தியதே அவர்தானே, பிறகு தூக்கினால் என்ன என்பாள். ஓய்வு பெற்று அவர் தெமோதரைக்குப் போன அன்றும் அவள் வாசலுக்கு வரவில்லை.

இப்போது பதுளை டவுனில் இருக்கிறோம். போன வாரம் கரண்டு நின்று, எதிர்க்கடையில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அக்கா பழைய பேச்சை எடுத்தாள். அந்த மனுசன் மட்டும் அன்றைக்குச் சத்தம் போடாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தாள். என்னால் அதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. தகரம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எழுந்துபோய், வெளியே போகும்போது கட்டுகிற சேலையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தெமோதரைக்கு இந்நேரம் பஸ் இருக்கும்ல? வா, அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம்."

"அவரு செத்து ஆறு வருசமாச்சு, அக்கா. நான் சாவு வீட்டுக்குப் போயிட்டுத்தான் வந்தேன். ஒங்கிட்ட சொல்லல."