பாகல் என்று எழுதிவிட்டேன்

அந்தப் புடவை விற்றது நான் வரைந்த கொடிக்காகவா, நான் எழுதிய பெயருக்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வீட்டில் கேட்டால் சிரிக்கிறார்கள். தொழிற்கூடத்தில் கேட்டால் அதைவிட அதிகமாகச் சிரிக்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வேலைக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படலாம், படாமலும் போகலாம்.

முதல் நாள்: ரோஜா

பம்பாய் தாராவியில் காதர் பாய் என்பவர் புடவைகளுக்குப் பூ அச்சிடும் தொழிற்கூடம் வைத்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நீள மேஜையில் துணியை விரித்து, மேலே ஸ்க்ரீன் என்ற வலைச் சட்டத்தை வைத்து, சாயத்தை இழுத்து அச்சிடுவார்கள். டிசைன் வரைய ஆள் வேண்டுமென்று என் கணவரின் ஆபீஸ் நண்பர் சொன்னார். நான் கும்பகோணத்தில் டிராயிங் பரீட்சை தேறியவள். குழந்தை சீனுவுக்கு அப்போதுதான் ஒரு வயது முடிந்திருந்தது. அவனை விட்டுவிட்டுப் போகலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். நாத்தனார் கோமதி பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகு, அவளை நம்பலாமா என்று இன்னொரு வாரம் யோசித்தேன்.

செம்பூரில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கிப் போனேன். கொண்டுபோன ரோஜாப்பூ டிசைனை காதர் பாய் நேராகப் பார்த்தார். பிறகு தலைகீழாகப் பார்த்தார்.

“டீச்சரம்மா, இது ரோசாவா, முட்டகோசா?”

நான் டீச்சர் இல்லை. ஆனால் முதல் நாளே முதலாளியைத் திருத்துவது மரியாதையாகுமா? இன்றும் டீச்சரம்மாதான்.

“ரோஜாதான் பாய். புஸ்தகத்தப் பாத்து வரைஞ்சேன்.”

“அதான பாத்தேன். பம்பாய்ல எல்லாப் பயலும் அதே புஸ்தகத்தத்தான் வச்சிருக்கான். ஒங்க கண்ணால பாத்த ஒண்ணக் கொண்டாங்க. தீவாளிக்கு முன்ன சேட்டு ஒரு டிசைனையாவது எடுக்கணும். எடுத்தாருன்னா வேல ஒங்களுக்குத்தான். எடுக்கலன்னா மனசுல ஒண்ணும் வச்சுக்காம பிரிஞ்சிருவோம், என்ன?”

சேட் என்பவர் மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்யும் குஜராத்திக்காரர். காதர் பாய் அச்சிடுவதில் முக்கால்வாசி அவருக்குத்தான் போகும். அவரை நான் பார்த்ததே இல்லை. அன்று முதல் கனவில் மட்டும் பார்க்க ஆரம்பித்தேன்.

பூங்காவில்

கண்ணால் பார்த்த ஒன்று வேண்டுமென்றால் தோட்டத்துக்குத்தானே போக வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை சீனுவைத் தூக்கிக்கொண்டு நானும் என் கணவரும் மாட்டுங்காவில் ஒரு பூங்காவுக்குப் போனோம். கல்வாழைப் பூவின் ஒரு இதழை நான் வரைந்து முடிப்பதற்குள் சீனு இன்னொரு இதழைத் தின்றுவிட்டான். பூ போய்விட்டதே என்று தோட்டக்காரன் கத்தினான். பூ உள்ளே போய்விட்டதே என்று நான் கத்தினேன். கல்வாழை விஷமா இல்லையா என்று டாக்டர் வீட்டுக்கு ஓடினோம்.

“குழந்தைக்கு ஒண்ணும் இல்லை. நீங்கதான் கொஞ்சம் ஒக்காருங்கோ,” என்றார் டாக்டர்.

அடுத்த வாரங்களில் ஆலிலை, மயில், மாங்காய் எல்லாம் வரைந்தேன். எல்லாவற்றையும் காதர் பாய் தலைகீழாகப் பார்த்தார்.

ஜன்னலில்

கோமதிக்கு குரோஷா பின்னுவதில் ஆசை. பின்னிய லேஸைத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப் போடுவாள். ஜன்னலுக்குக் கீழே பாகற்காய் விதைகளை எப்போதோ எறிந்தவளும் அவள்தான். மழைக்கு அது முளைத்து, கொடியாகி, கம்பிவரை ஏறியிருந்தது.

ஒரு சனிக்கிழமை காலை சீனுவுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். அவன் வாயைத் திறக்காமல் ஜன்னலையே பார்த்தான். நானும் பார்த்தேன். கொடியின் பற்றுச்சுருள் ஒன்று லேஸின் ஓட்டை வழியாக நுழைந்து, அடுத்த ஓட்டையில் வெளியே வந்து, நூலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது. கோமதி எங்கே நூலை வளைத்திருந்தாளோ அங்கே கொடியும் வளைந்திருந்தது. ஒரு மஞ்சள் பூ சரியாக லேஸின் நடுவட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. கையில் சாதத்தோடேயே பென்சிலை எடுத்தேன்.

“மன்னி, என் லேஸைக் கழட்டிக் குடுங்கோ. கொடி இழுத்து நூல் அறுந்துடப்போறது.”

“கொஞ்சம் இரேன் கோமதி, வரைஞ்சுக்கறேன்.”

“பாகக்காயையா? திவசத்துக்குப் பண்ற காயைப் புடவையில போட்டா எவ மன்னி கட்டிப்பா?”

ஆனாலும் வரைந்தேன். இந்தத் தொழிலில் கஷ்டமானது ரிபீட்: ஒரு ஸ்க்ரீனின் ஓரம் அடுத்த ஸ்க்ரீனின் ஓரத்தோடு ஒட்டுத் தெரியாமல் சேர வேண்டும். என் ரோஜாக்கள் அங்கேதான் பாதியாக நின்றுபோகும். பற்றுச்சுருளுக்கு அந்தக் கவலையே இல்லை. எட்டி அடுத்ததைப் பிடிப்பதுதானே அதன் வேலை?

காதர் பாய் இதையும் தலைகீழாகப் பார்த்தார். ஆனால் திருப்பித் தரவில்லை. “ஸாம்பிள் போடுலே,” என்று மேஜைக்காரரிடம் கொடுத்தார்.

பெயர்ச் சீட்டு

ஒவ்வொரு ஸாம்பிளிலும் டிசைன் பெயரை ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் குண்டூசியால் குத்த வேண்டும் என்பது அங்கே வழக்கம். ரோஸ் என்றால் ரோஸ், பீகாக் என்றால் பீகாக். பாகலுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று சட்டென்று வரவில்லை. ஆகவே ஆங்கில எழுத்தில், அழகாகக் கொட்டை கொட்டையாக, ‘பாகல்’ என்று எழுதிக் குத்தினேன்.

இந்தியில் பாகல் என்றால் பைத்தியம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் பால்காரர் தம் எருமையை தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆனால் எழுதும்போது என் கை மட்டும் கும்பகோணத்தில் இருந்தது.

மறுநாள் சேட் வந்தார். துணியைத் தொட்டுப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சீட்டைப் படித்தார்.

“பாகல்? கோன் பாகல்?”

யார் பைத்தியம் என்று கேட்கிறார். காதர் பாய் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் ஊரில் அதைப் பாவக்கா என்பார்களே தவிர பாகல் என்று சொல்வதில்லை.

“என்ன டீச்சரம்மா, யாரத் திட்டி எழுதிருக்கீய? என்னையவா, சேட்டையா?”

வேலை போயிற்று என்று நினைத்தேன். இந்தி ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை. கடைசியில் காய்கறிக்காரியிடம் பேசுகிற இந்திதான் வந்தது. “கரேலா, சேட்ஜி! கரேலா!”

“கரேலா பாகல்?” என்றார் சேட்.

பாகற்காய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்று அவர் கேட்க, காதர் பாய்க்கு அப்போதுதான் விளங்கி, மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சேட்டுக்கு அவர் விளக்கினார். சேட் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலைச் சாறு ஸாம்பிளின் முந்தானையில் தெறித்தது. தெறித்த துணியை அவரே வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. தீபாவளிக்கு அச்சிடவும் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: எல்லாப் புடவையிலும் அந்தச் சீட்டு இருக்க வேண்டும்.

பிறகு

தீபாவளிக்கு முன்பே கடைகளில் பெண்கள் “பாகல்வாலி ஸாடி திகாவோ”, அந்தப் பைத்தியப் புடவையைக் காட்டு, என்று கேட்டு வாங்கினார்களாம். என் வேலை நிரந்தரமாயிற்று. திவசக் காயை எவள் கட்டுவாள் என்று கேட்ட கோமதி, மாட்டுங்கா கோயிலுக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போனாள். “லேஸ் என்னோடதாக்கும்,” என்று அங்கே எல்லாரிடமும் சொன்னாள். கொடி யாருடையது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

நான் கற்றது இதுதான்: தேடிப் போனால் தோட்டம் ஒன்றும் கொடுக்காது, சாதம் ஊட்டும்போது ஜன்னலைப் பார்க்க வேண்டும். இது எல்லாருக்கும் பொருந்துமா என்று எனக்குத் தெரியாது.

இப்போது சேட் அடுத்த டிசைன் கேட்கிறார். சீனுவின் குளியல் பொடிக்கு வாங்கிய காய்ந்த பூக்களில் ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்தேன். அது மெல்ல விரிந்ததைப் பார்த்து வரைந்திருக்கிறேன். பாகலைவிட நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆவாரம்பூ. சீட்டில் ‘ஆவாரை’ என்று எழுதி என் கணவரிடம் காட்டினேன். அவர் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

“ஏண்டி, இந்தியில ஆவாரான்னா ஊர்சுத்தின்னு அர்த்தம். பைத்தியம் முடிஞ்சு இப்போ ஊர்சுத்தியா?”

சீட்டைக் கிழித்துவிட்டேன். காதர் பாயிடம் சொன்னபோது அவருக்கு ஒரே வருத்தம். “எதுக்குக் கிழிச்சீய? சோடிப் பொருத்தம்லா அது!”

அந்தப் பெயரையே எழுதினால் நிச்சயம் விற்கும். ஆனால் நான் வரையும் கோட்டுக்கு மதிப்பு உண்டா என்று எனக்கு ஒருநாளும் தெரியாது. வெறும் நம்பர் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் விற்காமல் போனால், தெரிந்துகொண்டு என்ன செய்வேன்? நாளை சேட் வருகிறார். சகோதரிகளே, உங்கள் பதில் வருவதற்குள் நான் ஏதாவது ஒன்றை எழுதிக் குத்தியிருப்பேன். இருந்தாலும் சொல்லுங்கள்: என்ன எழுதியிருக்க வேண்டும்?