லேப்டாப்புக்குத் தைத்த உறை

குவைத்தில் நர்ஸாக இருந்த மகள் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வழுக்கி விழுந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். "முழங்கையில லேசாச் சிராய்ப்பு. அவ்வளவுதான்யா" என்றாள். வெறும் சிராய்ப்புக்கு யாராவது அவ்வளவு தூரத்திலிருந்து போன் போடுவார்களா என்று எனக்குள் ஓடியது. மனைவியிடம் கேட்டேன்.

"சொல்லாம விட்டா மறைச்சுட்டாளேன்னு கவலைப்படுவீக. சொன்னா ஏன் சொன்னாள்னு கவலைப்படுவீக" என்றாள். இரண்டும் உண்மை.

குரலை நம்ப முடியாது. முகத்தைப் பார்த்தாக வேண்டும். போன லீவில் வந்தபோது மகள் ஒரு லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். நெட் இழுத்தால் முகம் பார்த்துப் பேசலாம் என்று சொல்லியிருந்தாள். எட்டு மாதமாக அது பீரோவில் சேலைகளுக்கு நடுவே கிடந்தது. நான் ஐந்தாம் வகுப்போடு தையலுக்குப் போனவன். ஆங்கிலத்தில் எனக்கு எண்களும் காலர் லேபிளில் இருக்கும் எழுத்துகளும்தான் தெரியும். திறந்தால் மூடத் தெரியுமா என்ற கவலையில் அதைத் திறக்கவே இல்லை.

பாம்பன் கடைத்தெருவில் முன்னால் தையல் கடை, பின்னால் வீடு. போன் இருந்தது கடையில். சட்டை தைக்க வருகிறவர்கள் முன்னால் மகள் முகத்தைப் பார்த்து அழ முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அதனால்தான் வயரில்லாமல் உள் அறைக்கு வருகிற மாதிரி மோடம் கேட்டோம்.

மாட்டுவதற்கு இராமநாதபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் சென்டர்காரர் ஒருவர் பஸ்ஸில் வந்தார். முப்பது வயது இருக்கும்.

"சுவரு வழியாவா வரும்?" என்று கேட்டேன்.

"வரும்ணே."

"சுவருக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுண்ணே."

"நடுவுல ஆளு நின்னா?"

"ஆளு வழியாவும் வரும்."

அன்று முழுவதும் மனைவி கடைக்கும் அறைக்கும் நடுவே நடக்கும்போதெல்லாம் கவனித்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாஸ்வேர்டுக்குப் பத்து எண்கள் கேட்டார். அக்கம்பக்கத்தார் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும், மறக்கவும் கூடாது என்றார். அளவு நோட்டைப் புரட்டி, இறந்துபோன ஒரு வாடிக்கையாளரின் சட்டை அளவைக் கொடுத்தேன். உயிரோடு இருப்பவர்கள் பருத்துவிடுவார்கள். அவர் அதை அடித்துக்கொண்டார். திரையில் அன்றைய செய்தியைத் திறந்து காட்டினார். மகள் கூப்பிட்டால் அமுக்க வேண்டிய பச்சைப் பொத்தானை இரண்டு தடவை காட்டிவிட்டுப் போனார்.

எங்கள் ஊர்க் காற்றில் கத்தரிக்கோலின் திருகாணி ஒரு வாரத்தில் துருப்பிடித்துவிடும். லேப்டாப்பை அப்படி விட மனம் வரவில்லை. அன்று மாலையே டேப் வைத்து அளந்து, வெளியே ரெக்சினும் உள்ளே பருத்தித் துணியும் கொடுத்து ஓர் உறை தைத்தேன். ஒரு நூல்கூட லூசு கிடையாது. உள்ளே தள்ளும்போது மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டுகிற மாதிரிப் பிடித்துக்கொண்டு போனது. சொந்த வேலையைப் பார்த்து நானே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் உறையைக் கழற்றித் திறந்தால் நெட் இல்லை.

சென்டர்காரர் இரண்டு நாள் கழித்து வந்தார். லேப்டாப்பைத் தூக்கி, ஓரத்தைச் சுற்றி ஒரு தடவு தடவினார். கை எதில் பட்டதோ, நெட் வந்துவிட்டது.

"எதையோ தொட்டிருக்கீக அண்ணே."

"நான் தொடவே இல்ல தம்பி."

"தொடாம எப்படிப் போகும்?"

மகளுக்கு எப்படியோ, இயந்திரத்துக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் போனதும் பத்திரமாக உறையில் போட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மகளுக்கு லீவு. நம் நேரம் நாலு மணிக்குக் கூப்பிடுவதாகப் பேச்சு. மூன்றுக்கே கடையைச் சாத்திவிட்டு உறையைக் கழற்றினேன். நெட் இல்லை. சென்டர்காரருக்குப் போன் போட்டால் பரமக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். லேப்டாப்பை அணைத்துப் போடச் சொன்னார். அதையும் செய்தேன்.

"பாஸ்வேர்டை மாத்தினீகளா?"

"செத்தவரு அளவை நான் எப்படித் தம்பி மாத்துறது?"

தாலி கட்டப் போகிறார்கள் என்று வைத்துவிட்டார். சாயங்காலம் நாலு மணிக்கு யார் தாலி கட்டுகிறார்கள் என்று தெரியவில்லை.

நாலே காலுக்குக் கடைப் போன் அடித்தது. மகள்தான். "எடுக்கலையே" என்றாள். விஷயத்தைச் சொன்னேன். "பரவாயில்லய்யா, விடுங்க. அடுத்த மாசம் பார்த்துக்குவோம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. முகம் காட்ட இஷ்டமில்லாத பிள்ளைதான் அப்படிப் பேசும். "விட்டுடாத, பத்து நிமிசத்துல லேப்டாப்புல திரும்பக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன்.

மனைவி லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. உறையை உள்புறம் வெளியே திருப்பி மடியில் வைத்திருந்தாள். கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அவள்தான். துணியில் அவள் கண்ணுக்குத் தப்பி எதுவும் போகாது.

"இங்கன பாருங்க. இந்த ஒரு எடத்துல மட்டும் நூல் இழுத்திருக்கு."

"புதுத் துணி, இழுக்காதே."

"இழுத்திருக்குல்ல. அப்ப அந்த எடத்துல ஏதோ நீட்டிக்கிட்டு இருக்கு."

உறையை லேப்டாப்பின் மேல் வைத்து, அந்த இடத்துக்கு நேராக முன் ஓரத்தில் விரலை ஓட்டினாள். நகத்துணுக்கு அளவில் ஒரு தள்ளு சுவிட்ச் இருந்தது. நகத்தால் மறுபக்கம் தள்ளினாள். ஆரஞ்சாக இருந்த சின்ன விளக்கு நீலமானது. வயரில்லாத நெட்டுக்கான சுவிட்ச் அது. உறைக்குள் போகும்போதெல்லாம் துணி அதைப் பிடித்து அணைத்திருக்கிறது.

"ரொம்பத்தான் பிட்டிங்கு" என்றாள்.

லேப்டாப்பில் மணி அடித்தது. பச்சையை அமுக்கினேன். முதலில் கட்டம் கட்டமாக ஏதோ தெரிந்தது. பிறகு கட்டங்கள் கூடி மகள் ஆயின. நெற்றியில் காயமில்லை. சிரித்தாள். பல்லெல்லாம் இருந்தது. மனைவி அழ ஆரம்பித்தாள்.

"பார்த்துட்டீகள்ல? நல்லாத்தான இருக்கேன்?"

"எந்திரிச்சு நில்லு. கொஞ்சம் தள்ளி நில்லு" என்றேன்.

நின்றாள். முப்பத்தைந்து வருடமாக ஆட்களை நிற்க வைத்துத் தோள் அளந்தவன் நான்.

"இடது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கு."

"கேமரா சாஞ்சிருக்குய்யா."

"கேமரா சாஞ்சா ஒனக்குப் பின்னால உள்ள ஜன்னலும் சாயணும். ஜன்னல் நேரா இருக்கு."

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தபடியே நின்றாள். படம் நின்றுவிட்டதோ என்று பயந்தேன். பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"காறை எலும்புல கீறல்யா" என்றாள். கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு. ஆறு வாரத்தில் சேர்ந்துவிடுமாம்.

"கையைத் தூக்கிக் கட்டியிருப்பாகளேடி, அது எங்க?" என்றாள் மனைவி.

"கட்டிலுக்கு அடியில."

"எடுத்து மாட்டு."

ஒரு கையால் துணிப்பட்டையைத் தேடி எடுத்து, எங்கள் கண் முன்னாலேயே கழுத்தில் போட்டு அதில் இடது கையை மாட்டிக்கொண்டாள். மாட்டும்போது முகம் சுருங்கியதைப் பார்த்தேன். இனி எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. மற்றதை எல்லாம் விட்டுவிடலாம்.

"சட்டை யாரு மாட்டிவிடுறா?"

"கூட இருக்கிற புள்ளய்யா."

"அவ டூட்டிக்குப் போனா?"

"ரெண்டு நாள் ஒரே நைட்டிதான்."

நான் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நோட்டை எடுத்தேன். ஒரு கையாலேயே மாட்டிக்கொள்கிற மாதிரிச் சட்டை: இடது தோளிலிருந்து கை நுனி வரைக்கும் திறப்பு, பிரஸ் பட்டன், உள்ளே மெல்லிய துணி. கொடுத்தனுப்ப, அடுத்த வாரம் குவைத் போகிறவர் ஒருவர் தெருவிலேயே இருந்தார்.

"எத்தனை வேணும்?"

"ரெண்டு போதும்யா."

"நாலு" என்றாள் மனைவி.

"நல்ல கையில ஒரு ஸ்கேலை எடுத்துக்கிட்டு, முதுகைக் காட்டி நில்லு. அதை வச்சு அளவு எடுத்துக்கிறேன்" என்றேன். நின்றாள். நோட்டில் தோளுக்கு எப்போதும் ஓர் எண்தான் எழுதுவேன். அன்றைக்கு இடது, வலது என்று பிரித்து இரண்டு எழுதினேன்.