ஒன்பதாம் மாடி ஏன் காலி?

தாஷ்கந்தில் கட்டடம் வரைகிறவர்கள் ஏராளம். வரைவதற்கு முன் ஆளைக் குடைந்து எடுக்கிறவள் சதோகத் ஒருத்திதான். "ஏன்?" என்பதுதான் அவள் வாயில் முதலில் வரும் சொல். மேலே போகும் மின்கம்பியைத் தொட்டு ஓடும் டிராலிபஸ்ஸை ஓட்டிய தகப்பனாரிடம், வண்டிக்கு மேலே இரண்டு கொம்பு எதற்கு, ஒன்று போதாதா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட வயதிலேயே அது தொடங்கியது. கல்யாணமான பிறகு மாமியாரிடம் கேட்டாள். அந்த வீட்டில் அவள் அதிக நாள் இருக்கவில்லை. நான் அவளோடு வேலை பார்க்கும் பொறியாளன். எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிறவன். என் தலையில் முடி கொட்டியதில் பாதி அவள் புண்ணியம்.

சோவியத் காலத்தில் பருத்தி இயந்திர அலுவலகத்துக்காக எழுப்பிய பதினாறு மாடிக் கோபுரம் ஒன்று. வெயிலை மறைக்கச் சுற்றிலும் கான்கிரீட் ஜாலி, அதாவது ஓட்டை ஓட்டையான தடுப்பு. ஹிக்மத் என்ற வியாபாரி அதை வாங்கி, புதுப்பிக்கும் வேலையை எங்களிடம் கொடுத்தார். குழாய், மின்கம்பி, லிஃப்ட் எல்லாவற்றுக்கும் சரி சரி என்ற சதோகத், ஒன்பதாம் மாடியில் வந்து நின்றுவிட்டாள். அங்கே அறை இல்லை, சுவர் இல்லை, ஜன்னல் இல்லை. தூண்கள், ஜாலி, காற்று, அவ்வளவுதான். கீழிருந்து வரும் படிக்கட்டு மேற்கு மூலையில் முடிகிறது. மேலே போக வேண்டுமானால் தளத்தைக் குறுக்கே கடந்து, கிழக்கு மூலையில் வேறு படிக்கட்டைப் பிடிக்க வேண்டும். பழைய வரைபடத்தில் 'இயந்திரத் தளம்' என்று போட்டிருந்தது. இயந்திரம் இருந்த சுவடே இல்லை.

"அக்கா, சுத்திக் கண்ணாடியப் போட்டு மூடுங்க. ஆபீஸுக்கு வாடகைக்கு விட்டுடலாம்" என்றார் ஹிக்மத்.

"ஏன் தெறந்து விட்டாங்கன்னு தெரியாம மூட மாட்டேன், தம்பி."

"அது தெரிஞ்சு யாருக்குக்கா என்ன ஆகப்போவுது?"

"எனக்குத் தெரியணும்."

"வியாழக்கிழமை கண்ணாடிக்காரர் அளவெடுக்க வர்றாரு. அதுக்குள்ள காரணத்தச் சொல்லுங்க. இல்லன்னா மூடுங்க. ரெண்டும் முடியாதுன்னா நான் வேற ஆளப் பாத்துக்கறேன்."

எங்கள் அலுவலகத்துக்கு அந்த வருடம் கிடைத்த ஒரே பெரிய வேலை அது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏம்மா, மூடினா தாங்கும்னு நான் எழுதித் தர்றேன். ஒனக்கென்ன போச்சு?"

"தாங்குமான்னு யாரு கேட்டா? ஒருத்தர் யோசிச்சு ஒரு மாடியவே விட்டிருக்காரு. அத நான் யோசிக்காம மூடணுமா?"

ஆளுக்கொரு கதை சொன்னார்கள். நிலநடுக்கத்துக்காக என்றார் காவலாளி. அப்படி ஒரு மாடியை விட்டால் நிலநடுக்கத்தில் முதலில் நசுங்குவதே அதுதான் என்று அவரிடம் சண்டை பிடித்தேன். ஒட்டுக்கேட்கும் கருவி வைக்க என்றார் லிஃப்ட்காரர், குரலைத் தாழ்த்தி.

சதோகத் தரையில் மண்டியிட்டுத் தவழ்ந்தாள். ஒரு மூலையில் கூரையெல்லாம் கரி. கீழே எண்ணெய் ஊறிக் கறுத்த செங்கற்கள்.

"இல்ஹோம், இது பலாவ் அடுப்பு!"

என்னைப் பார்த்துக் கூவினாள் என்றே சொல்ல வேண்டும். இந்த ஊரில் வியாழக்கிழமை மதியம் எந்த அலுவலகத்திலும் ஆண்கள் மேசையில் இருப்பதில்லை. கறியும் கேரட்டும் அரிசியும் வேகும் சட்டியைச் சுற்றித்தான் நிற்பார்கள். அதிகாரிகள் கண்ணில் மண்ணைத் தூவி, கோபுரத்தின் நடுவிலேயே ஒரு சமையல்கூடத்தை யாரோ வரைந்திருக்கிறார்கள்! நானும் நம்பிவிட்டேன். ஆனால் ஊகத்தை வைத்துக்கொண்டு ஹிக்மத்திடம் போக அவள் தயாராக இல்லை. கோபுரத்தை வரைந்தவர்களில் ரிம்மா லீ என்ற அம்மாள் ஊருக்கு வெளியே தக்காளி வளர்த்துக்கொண்டிருப்பதாகத் தெரிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

"பலாவா?" ரிம்மா இருமல் வரும்வரை சிரித்தார். "வருஷக் கடைசிக்குள்ள வரைஞ்சு குடுக்கணும்னு மேலிடத்து உத்தரவு. கோபுரத்த ரெண்டாப் பிரிச்சோம். கீழ்ப்பாதி நாங்க, மேல்பாதி அடுத்த ரூம்காரங்க. எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சே கெடையாது. நாங்க படிய மேற்குல போட்டோம், அவங்க கிழக்குல போட்டாங்க. எட்டு மாடி எழும்பினப்புறந்தான் எவனோ கவனிச்சான்!"

"அப்புறம்?"

"அப்புறமென்ன? நடுவுல ஒரு மாடிய வெறுமனே விட்டு, ஒரு படியிலருந்து இன்னொரு படிக்கு நடந்து போங்கன்னு விட்டுட்டோம். இயந்திரத் தளம்னு பேரு. திட்டம் நேரத்துக்கு முடிஞ்சுதுன்னு எங்களுக்குப் பரிசு வேற!"

திரும்பும் வழியில் சதோகத் பழைய வரைபடத்தை மடியில் விரித்து, இரண்டு படிக்கட்டுகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"பலாவ் கதையவே சொல்லிடு. ரிம்மாகிட்டப் போய் எவன் கேக்கப்போறான்?" என்றேன்.

"நான் கேட்டுட்டேனே."

வியாழக்கிழமை வந்தது. கட்டடத் தொழிலாளிகள் வழக்கம்போல் பலாவ் வைத்தார்கள். மாடியில் நெருப்பு மூட்ட அவள் விடவில்லை. முற்றத்தில் சமைத்து, பழைய லிஃப்டில் மேலே ஏற்றினார்கள். கொத்தனார், குழாய்க்காரர், மூன்றாம் மாடியில் இன்னும் காலி செய்யாத கணக்கர்கள் எல்லாரும் விரிப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியே ஆடு மாடுகூட நிழல் தேடும் ஜூலை வெயில். ஜாலி வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

ஹிக்மத் கண்ணாடிக்காரரோடு வந்தார். சதோகத் எதையும் மறைக்காமல், ரிம்மா சொன்னதை அப்படியே சொன்னாள்.

"அப்ப காரணமே இல்ல?"

"கட்டினப்போ இல்ல, தம்பி. லிஃப்ட் கெட்டுப்போனா படியேறி வர்றவங்க எல்லாரும் இதக் கடந்துதான் போகணும். மூச்சு வாங்க நின்னிருக்காங்க. பேசியிருக்காங்க. அப்புறம் அடுப்பு வெச்சிருக்காங்க. ஏன்னு என்னைக் கேக்காதீங்க. இவங்களக் கேளுங்க."

ஹிக்மத் பக்கத்தில் சுண்ணாம்பு படிந்த உடையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் குனிந்தார். "ஏம்மா, இங்க எதுக்கு உக்காந்திருக்கீங்க?"

அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து அவரை விநோதமாகப் பார்த்தாள். "வேற எங்கண்ணே உக்கார்றது?"

ஹிக்மத் விரிப்பில் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கண்ணாடிக்காரர் அளவு நாடாவை இழுக்கத் தொடங்கியிருந்தார்.

"அதச் சுருட்டி உள்ள வெய்யிங்க" என்றார் ஹிக்மத். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தப் பெண் ஒதுங்கிக் கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார்.